மாரி முடிந்த தண்ணீரில் தூண்டிலோடு இறங்குகிறவர்களுக்கு

எலிக்காய்ச்சல் என்றால் வயல் வேலை செய்கிறவர்களுக்கு வரும் நோய் என்றுதான் எங்கள் ஊரில் பொதுவாக எல்லோரும் நினைக்கிறோம். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்திலும் மண்வெட்டியோடு சேற்றில் நிற்கும் ஒருவர்தான் இருப்பார். தூண்டிலோடு நிற்பவரை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை. ஆனால் தை பிறந்து மழை ஓய்ந்ததும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் லீவு நாளில் தூண்டில் கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். ஆசிரியர்மார், கடைக்காரர், வங்கியில் வேலை செய்யும் பொடியன்கள், என்னைப்போல கைத்தொழில்காரர். இவர்களில் ஒருவருக்கும் யாரும் இதைச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதனால்தான் நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆரையம்பதிப் பக்கம் ஒரு சின்ன வெல்டிங் கடை. மனைவி கத்தாரில் வேலை செய்கிறார். மகள் அம்மம்மாவோடு வாழைச்சேனையில் நின்று படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நான் மட்டும்தான். முன்பென்றால் கொக்கட்டிச்சோலைக்குப் போக மோட்டார் சைக்கிளோடு பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கிற மிதவைப் படகுக்கு, காத்து நிற்க வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தக் கரைச்சல் இல்லை. விடியப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் தாந்தாமலைப் பக்கத்துக் குளங்களில் நிற்கலாம். சில நாள் ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைப் பக்கமும் போவேன். ஆட்களோடு போவதில்லை. வாரம் முழுக்க கிரைண்டர் சத்தத்துக்குள் நிற்கிற எனக்கு அந்தத் தனிமை தேவையாக இருந்தது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை பெய்கிற மழையில் குளங்கள் நிரம்பி வான் பாயும், அதாவது மிஞ்சிய தண்ணீர் வெளியே வழியும். தை பிற்பாதியில் மழை விடும். மாசியில் கலங்கல் தெளியத் தொடங்கும். வான் தண்ணீரோடு வெளியே வந்த மீனெல்லாம் திரும்பிப் போக வழியில்லாமல் வாய்க்காலிலும், வட்டை என்று நாங்கள் சொல்கிற வயல்வெளியின் பள்ளத்திலும் தங்கிவிடும். தண்ணீர் வற்ற வற்ற, பரந்து கிடந்த மீன் ஒரு மடுவுக்குள் சேரும். பங்குனி வெயில் வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒன்றரை மாதம்தான் எங்களுக்கு நன்னீர் மீனுக்குத் திறமான காலம். ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்கிற திலாப்பியா மண்புழுவுக்கும் பாண் உருண்டைக்கும் வரும். பனையேறி, கெளிறு எல்லாம் கரையோரத்திலேயே கிடைக்கும். சுங்கான் மாட்டினால் கையால் பிடிக்காதீர்கள். அதன் பக்கத்து முள்ளில் விஷம் இருக்கிறது, குத்தினால் ஒரு பகல் முழுக்கத் துடிக்க வேண்டும். பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி இறங்கும்.

ஆனால் என் ஆசை விரால்தான். விரால் காற்று எடுக்க மேலே வந்தே ஆக வேண்டும். அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர் ஒரு தரம் மெல்ல வாய் திறந்து மூடியதுபோல் அசையும், இரண்டு மூன்று குமிழி எழும்பும். அந்த இடத்துக்கு நேரே இரையைப் போட்டால் ஓடிவிடும். இரண்டு முழம் அப்பால் போட்டு, ரப்பர் தவளையை இலைக்கு மேலால் இழுத்து இறக்கி, ஒரு மூச்சு நேரம் நிறுத்த வேண்டும். அடி விழுவது அந்த நிறுத்தத்தில்தான். அடித்த உடனே வெட்டி இழுக்காமல் அது வாய்க்குள் வாங்கும்வரை பொறுக்க வேண்டும். ஒரு விஷயம் மட்டும் மனதார வேண்டிக் கேட்கிறேன். மேல் தண்ணீரில் செம்மஞ்சள் நிறத்தில் பார்ப்புக் கூட்டம் திரண்டு திரிவதைக் கண்டால் அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிப்பதால் பிடிப்பது மிகவும் சுலபம். பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரை.

நல்ல விரால் கிடக்கிற இடத்துக்குக் கரையில் நின்று எறிய முடியாது. இறங்கத்தான் வேண்டும். எனக்கு இந்த வருத்தம் தொற்றிய அன்றும் வேளாண்மை வெட்டி முடிந்த ஒரு வட்டையின் பள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். காலில் ஒன்றும் இல்லை, கழிசானை மடித்து விட்டிருந்தேன். வெட்டிய நெல் தாள் தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும், நடக்க நடக்கக் கெண்டைக்காலில் கோடு கோடாகக் கிழிக்கும். அந்தக் கீறல்களில் இரத்தம் கூட வராது, எரிவுதான். பள்ளத்தின் மறு கரையில் எருமைகள் கிடந்தன. வரம்பில் எலி வளைகள். இதெல்லாம் எங்கள் வயலில் வழமையாகக் காண்கிற காட்சி, பயப்பட ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது பாதத்துத் தோல் வெளுத்து, ஊறி, விரல் இடுக்கில் உரிந்து இருந்தது. தேங்காயெண்ணெய் தடவிவிட்டுப் படுத்தேன். மீனைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன்.

அடுத்த வாரம் முழுக்க ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வாரம் கடையில் நின்றபோது மத்தியானம் திடீரென்று குளிர் எடுத்தது. வெயிலில் போய் நின்றும் நடுக்கம் நிற்கவில்லை. இரவுக்குள் காய்ச்சல் கொதித்தது. காய்ச்சல் எனக்குப் புதிதில்லை, ஆனால் இந்த நோவு புதிது. இடுப்புப் பக்கத்து நாரியும் இரண்டு கெண்டைக்காலும் அடித்துப் போட்டதுபோல் வலித்தன. பாயில் கால் படுவதே தாங்க முடியவில்லை. மலசலகூடத்துக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். கண் இரண்டும் சிவந்திருந்தன, பீளை இல்லை. வெல்டிங் செய்கிறவனுக்குக் கண் சிவப்பது வழமை என்பதால் அதை நானும் கணக்கெடுக்கவில்லை, பார்த்தவர்களும் கணக்கெடுக்கவில்லை.

ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனேன். மழை விட்ட காலம், ஊரெல்லாம் டெங்கு. நுளம்பு கடித்ததா என்று கேட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. உடம்பு நோவுக்கு ஊசி போட்டு, வலிக் குளிசை ஒரு கட்டுத் தந்து அனுப்பினார்கள். ஊசி போட்ட இரவு நன்றாக நித்திரை வந்தது. அடுத்த நாள் பழையபடி. திரும்பப் போனேன், திரும்ப ஊசி. அப்புறம் சத்தி எடுக்கத் தொடங்கியதும் பயம் பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். பிளேட்லெட் ஒரு இலட்சத்துக்குக் கீழே போயிருந்தது. டெங்குவாகத்தான் இருக்கும், முதல் ரிப்போர்ட்டில் சில நேரம் தெரியாது என்றார்கள். சேலைன் ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டது. பில் 60,000 ரூபாவைத் தாண்டியது. டிஸ்பென்சரிக்கும் லேபுக்கும் ஓட்டோவுக்கும் போனது தனி. மகளின் ரியூஷனுக்கும் கூரைத் தகட்டுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த காசு அது. ஆனாலும் உயிர் தப்பிவிட்டேன் என்ற நிம்மதியில்தான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. காய்ச்சல் இல்லை, ஆனால் எழும்ப முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போவா. மனைவி போன் எடுத்தால் முகம் காட்டாமல், நெட் சரியில்லை என்று சொல்லிக் கதைப்பேன். அவ அங்கே வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவா என்ற பயம். இரவில் நெஞ்சு படபடக்கும். கதவைப் பூட்டாமல்தான் படுத்தேன். ஏதும் நடந்தால் ஆட்கள் உள்ளே வர வேண்டுமே என்ற எண்ணம். தனியாக இருப்பவர்களுக்கு இது விளங்கும். வருத்தத்தைவிட, இந்த வருத்தம் என்னவென்று தெரியாமல் கிடப்பதுதான் ஆளைத் தின்கிறது.

இரண்டொரு நாளில் சிறுநீர் குறைந்தது. வந்த கொஞ்சமும் பால் விடாத தேத்தண்ணீர் நிறம். அக்காதான் கஞ்சிக் கோப்பையை எடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு, எழும்புங்க” என்று சத்தம் போட்டு, தன் மகனிடம் ஓட்டோ கொண்டுவரச் சொன்னா. அரச பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வார்ட்டில் ஒரு இளம் பெண் டொக்டர் என் கெண்டைக்காலை இலேசாக அமர்த்திப் பார்த்தார். நான் கத்திவிட்டேன். “அண்ணா, வயல் வேல செய்யிறீங்களா?” என்று கேட்டார். இல்லை மிஸ், வெல்டிங் கடை என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பப் போனவர், நின்று, “இந்த மாசத்துக்குள்ள எங்கயாவது தண்ணிக்குள்ள, சேத்துக்குள்ள இறங்கினீங்களா?” என்று இன்னொரு கேள்வி கேட்டார். மீன் பிடிக்க இறங்கினேன் என்றேன். அந்த இரண்டாவது கேள்விக்கு முன்னால் நான் கண்ட டொக்டர்மார் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கேட்காதபோது அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எலிக்காய்ச்சலாக இருக்கும் என்று அன்று இரவே நரம்பில் அன்டிபயோடிக் தொடங்கினார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் நாலுக்கு மேலே போயிருந்தது. சாதாரணமாக அது ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. கட்டிலுக்குக் கீழே ஒரு போத்தல் வைத்து, ஒவ்வொரு தரம் சிறுநீர் கழித்ததையும் அதில் விட்டு, அளவைத் துண்டில் எழுதச் சொன்னார்கள். வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டிப் பேனையால் கோடு போட்ட போத்தல். முதல் நாள் முழுக்க முதல் கோட்டைக்கூட எட்டவில்லை. இது ஏறாவிட்டால் இரத்தம் சுத்திகரிக்க வேண்டி வரும் என்றார்கள். நான் அந்தக் கோட்டைப் பார்த்தபடியே கிடந்தேன். மெல்ல மெல்ல ஏறியது. மெஷினில் போடத் தேவை வரவில்லை. அங்கே கட்டணம் ஒரு சதமும் இல்லை. கடை மட்டும் ஒன்றரை மாதம் அளவில் பூட்டிக் கிடந்தது. பிடித்து வைத்திருந்த கேற் ஓடர்கள் கைமாறிப் போயின. எல்லாம் சேர்த்தால் இரண்டு இலட்சத்துக்கு மேல் போய்விட்டது.

டொக்டர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். இந்தக் கிருமி எலியின் சிறுநீரில் வருகிறது. மாடு, எருமை, நாய் மூலமாகவும் வரும். மழைத் தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் கிழமைக் கணக்கில் உயிரோடு கிடக்கும். கீறல் வழியாகவோ, ஊறி மென்மையான தோல் வழியாகவோ, கண், வாய், மூக்கு வழியாகவோ உள்ளே போகும். இறங்கிய நாளில் இருந்து ஒன்று இரண்டு கிழமைக்குள்தான் பெரும்பாலும் காய்ச்சல் வரும், சில பேருக்கு ஒரு மாதம்கூடப் பிந்தலாம். அதனால்தான் இரண்டையும் ஆட்கள் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. சிலருக்குக் காய்ச்சல் விட்டதுபோல் விட்டு, பிறகு ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். எனக்கு நடந்தது அதுதான். பிளேட்லெட் இதிலும் இறங்கும், அதனால் டெங்கு என்று தோன்றும். டெங்குவில் வெள்ளை அணு அநேகமாகக் குறையும், இதில் கூடுவது வழமை. நேரத்துக்குக் கண்டுபிடித்தால் சாதாரண அன்டிபயோடிக்கிலேயே சுகப்படும். பிந்தினால்தான் உயிருக்கு ஆபத்து. 2008 இல் நாடு முழுக்க 7,000 பேருக்கு மேல் இது வந்து, 200 பேர் அளவில் இறந்திருக்கிறார்கள்.

சுகமாகி வந்து சில வாரத்துக்குப் பிறகு அந்த வயல்களைப் பொறுப்பாகப் பார்க்கிற வட்டை விதானையைக் கண்டு கதைத்தேன். அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “நாங்க விதைக்கக்குள்ளயே குளிசை எடுத்திட்டமே தம்பி. வெட்டுக்கு முதல் மறுகாவும் தந்தாங்க. உங்களுக்கு ஆரும் தரல்லயா?” தரவில்லை. நான் விவசாயி இல்லை, கமக்காரர் அமைப்பில் பெயர் இல்லை, எனக்கு யார் தருவது? அதே தண்ணீரில், அதே மாதத்தில், அவர்கள் குளிசையோடு இறங்கியிருக்கிறார்கள். நான் வெறும் காலோடு இறங்கியிருக்கிறேன். கோபம் வந்தது. யாரிடம் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கிற அந்தக் குளிசையின் பெயர் டொக்சிசைக்கிளின். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பி.எச்.ஐ. ஐயாவிடம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், கேட்டால் இலவசமாகக் கிடைக்கும். வளர்ந்தவர்களுக்கு வழமையாக வாரத்துக்கு ஒரு தரம் 200 மில்லிகிராம், தண்ணீரில் இறங்கும் முன்பே தொடங்கி, இறங்குகிற காலம் முழுக்க எடுக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு குடியுங்கள், குடித்த உடனே படுக்காதீர்கள், நெஞ்சு எரியும். பாலோடு எடுக்காதீர்கள். வெயிலில் தோல் எரிவு வரலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது ஆகாது. வேறு வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் எடுக்க வேண்டாம். பார்மசியில் நாமாகவே வாங்கிக் குடிப்பதைவிட அங்கே போய்க் கேட்பது நல்லது. குளிசை எடுத்தால் வரவே வராது என்றும் இல்லை. ஆகையால் காலையும் பார்க்க வேண்டும். புண்ணோ கீறலோ இருந்தால் அன்று கரையில் நின்று திலாப்பியா பிடியுங்கள், விரால் அடுத்த கிழமையும் அங்கேதான் இருக்கும். கம்பூட்ஸ் நல்லது, ஆனால் அதன் விளிம்புக்கு மேலே தண்ணீர் வந்தால் உள்ளே நிரம்பி, நாள் முழுக்க அதே தண்ணீரில் கால் ஊறும். ஆழத்தில் தவறினால் ஆளையும் இழுக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள தண்ணீருக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தூண்டில்காரருக்கு மட்டும் உரிய ஒரு பழக்கம் இருக்கிறது. முடிச்சுப் போட்டதும் மிச்சத் தங்கூசியைப் பல்லால் கடித்து அறுப்போம். சேற்றுத் தண்ணீரில் கிடந்த நூல் அது, நேரே வாய்க்குள் போகிறது. இப்போது என் பையில் ஒரு நகவெட்டி நூலில் கட்டித் தொங்குகிறது. வியர்த்தால் அந்தத் தண்ணீரை அள்ளி முகம் கழுவுவதையும் விட்டுவிட்டேன். ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரும் சவர்க்காரத் துண்டும் கொண்டுபோய், கரை ஏறியதும் காலைக் கழுவித் துடைப்பேன். மீனைச் சாப்பிட்டதால் வந்ததா என்று நிறையப் பேர் கேட்டார்கள். இல்லை, நன்றாகச் சமைத்த மீனால் இது வராது. நான் மீன் கொடுத்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

காய்ச்சல் வந்துவிட்டால், டொக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பெயர், வயது சொல்லும்போதே, இந்தத் திகதியில் இந்த இடத்துத் தண்ணீரில் இறங்கினேன் என்று சொல்லுங்கள். தனியாக இருப்பவர்கள் அதை ஒரு துண்டில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது, மயங்கிப் போனாலும் வேறு ஆள் காட்டலாம். பனடோல் தவிர வேறு வலிக் குளிசையோ ஊசியோ கேட்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவுக்கும், எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகத்துக்கும் அது கூடாது என்று வார்ட்டில் சொன்னார்கள். சிறுநீர் குறைந்தால், நிறம் மாறினால், கண் மஞ்சளானால் விடியும்வரை பொறுக்காமல் அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யானை, முதலை பற்றி அந்தப் பக்கத்து ஆட்கள் உங்களுக்குச் சொல்வார்கள். நாலு மணிக்குக் குளக்கட்டை விட்டு வெளிக்கிடுங்கள் என்றால் வெளிக்கிடுங்கள். வான் கதவுக்குக் கீழே நிற்காதீர்கள், மேலே மழை பெய்தால் இங்கே வெயில் எறித்தாலும் திறப்பார்கள். குளத்து மீனவர் சங்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், அவர்கள் குஞ்சு விட்டு வளர்க்கிற மீன்.

இந்த மார்கழியில் நானே பணிமனைக்குப் போனேன். பதிவுப் புத்தகத்தில் தொழில் என்ற இடத்தில் வெல்டிங் என்று எழுதியதும், “நீங்க வயல் செய்யல்லயே?” என்று கேட்டார்கள். மீன் பிடிக்க வயல் தண்ணீரில் இறங்குவேன், போன வருசம் வந்து கிட்னி வரை போனது என்றேன். மறு பேச்சில்லாமல் தந்தார்கள், எப்படி எடுப்பது என்றும் இருத்தி வைத்துச் சொன்னார்கள். நீங்களும் போனால் தொழிலை மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள், தண்ணீரில் இறங்குவதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். உங்களோடு தூண்டில் கொண்டு வருகிறவர்களின் பெயர்களையும் கையோடு கொண்டு போங்கள்.